சொல்லிக்கொடுக்கும் ரோபோவும் சொன்னபடி கேட்கும் ரோபோவும்

கேள்வி

இங்கிலாந்தில் 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டத்தின்படி, கணினிப் பாடம் ஐந்து வயதில் தொடங்குகிறது. ஐந்து முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகளுக்கு அது வைத்திருக்கும் இலக்குகளில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன். படிமுறை என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு, எளிய நிரல் ஒன்றை உருவாக்கிப் பிழை திருத்த வேண்டும் என்பது ஒன்று. கருவிகளைப் பத்திரமாகவும் பிறருக்கு மரியாதை குறையாமலும் கையாள வேண்டும், தன்னைப் பற்றிய விவரங்களை வெளியே விடக்கூடாது, இணையத்தில் எதையாவது பார்த்தோ யாராவது பேசியோ மனம் கலங்கினால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

முதல் இலக்குக்காகப் பள்ளிகள் வாங்கி வைத்த சிறு ரோபோக்கள் இரண்டாவதற்கும் கைகொடுக்கின்றன. தரையில் கட்டம் போட்ட விரிப்பு ஒன்றை விரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் முகம் தெரியாத ஒருவரின் படம், இன்னொன்றில் பூட்டு, வேறொன்றில் ஆசிரியரின் படம். ‘விளையாட்டில் ஒருவர் உன் வீட்டு முகவரியைக் கேட்டால் என்ன செய்வாய்?’ என்று கேட்கிறார் ஆசிரியர். குழந்தை பொத்தான்களை அழுத்தி ரோபோவைச் சரியான கட்டத்துக்கு ஓட்டுகிறது. வசதியுள்ள இடங்களில் இதற்கு அடுத்த படியாக, கண் சிமிட்டிப் பேசும் மனித வடிவ ரோபோ ஒன்றே அறிவுரை சொல்ல வருகிறது.

குழந்தைகளுக்கு இரண்டுமே பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிடித்திருப்பதும் பாதுகாப்பாக நடந்துகொள்ளக் கற்பதும் வேறு வேறு. ரோபோ இந்தப் பாடத்துக்கு எதைச் சேர்க்கிறது, எதைக் கெடுக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கான சான்றுகள் ஒரே துறையில் இல்லை. ரோபோக் கல்வி, குழந்தை உளவியல், விபத்துத் தடுப்பு என்று பல இடங்களில் சிதறிக் கிடப்பவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பைப் பற்றி உபதேசிக்கும் ரோபோ இந்தப் பாடத்துக்கு உகந்ததல்ல. குழந்தை கட்டளையிட்டு, சோதித்து, குறுக்குக் கேள்வி கேட்கும் மக்கு ரோபோவே உகந்தது.

ஆமை முதல் தேனீ வரை

குழந்தையின் கட்டளைக்குப் பணியும் ரோபோ புதிதல்ல. 1967இல் வாலி ஃபோயர்ஸைக், சீமோர் பேபர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் லோகோ மொழியை உருவாக்கினார்கள். அந்த மொழிக்குப் பணிந்து தரையில் கோடு வரைந்தபடி நகரும் ஆமை ரோபோ அதற்குச் சில ஆண்டுகளில் வந்தது. குழந்தை தன் உடலை அந்த ஆமையின் இடத்தில் வைத்து யோசிக்கிறது என்பதும், எந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கும் போதுதான் தானும் கற்கிறது என்பதும் பேபர்ட் 1980இல் வெளியிட்ட ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலின் அடிப்படை.

எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கு லோகோ எட்டவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர் அப்போது எம்.ஐ.டி.யில் இருந்த ராடியா பெர்ல்மன். 1970களின் நடுவில் அவர் உருவாக்கிய டார்ட்டிஸ் என்ற அமைப்பில் விசைப்பலகை கிடையாது, பொத்தான் பெட்டிகள்தான். முதல் பெட்டியில் முன்னே, பின்னே, வலம், இடம். குழந்தை அதில் தேறியபின் வேறொரு பெட்டி வரும். நினைவில் வைக்கத் தொடங்கு, நிறுத்து, நினைவில் இருப்பதைச் செய், மறந்துவிடு என்று அதன் பொத்தான்கள் பணித்தன. மூன்றரை வயதுக் குழந்தைகள்கூட அதைக் கையாண்டார்கள். இதே பெர்ல்மன்தான் 1985இல், கணினி வலையமைப்புகளில் தகவல் முடிவில்லாமல் சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கும் ‘ஸ்பானிங் ட்ரீ’ நெறிமுறையை வடிவமைத்தார். மழலையர் வகுப்புக்கான ரோபோவும் இன்றைய வலையமைப்பின் அடித்தளத்தில் ஒரு பகுதியும் ஒரே மூளையில் உதித்தவை. இவ்விரண்டையும் வகுப்பறையில் ஒன்றாக வைத்துப் பேசுவது வலிந்து பொருத்துவதாகாது என்பதற்கு இந்த ஒரு வரலாறே எனக்குப் போதும்.

இன்று இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் பரவலாகக் காணப்படும் பீ-பாட் அந்தப் பெட்டிகளின் வழித்தோன்றல். தேனீ வடிவம், முதுகில் ஏழு பொத்தான்கள். ஓர் அடிக்கு 15 செ.மீ. நகரும், ஒரு திருப்பத்துக்கு 90 பாகை திரும்பும். முதலில் வந்த வகை 40 கட்டளைகள் வரை நினைவில் வைக்கும். அதற்கு இணையத் தொடர்பும் இல்லை, கேமராவும் இல்லை.

ஒப்பித்தலும் செய்தலும்

பாதுகாப்புக் கல்வியின் பழைய நோய் ஒன்று உண்டு. விதி தெரியும், வேளை வரும்போது கை வேறு செய்யும். அமெரிக்காவில் ஐ-சேஃப் என்ற இணையப் பாதுகாப்புத் திட்டத்தை மதிப்பிட்ட 2006ஆம் ஆண்டு அறிக்கை, மாணவர்களின் அறிவு கூடியதையும் ஆபத்தான பழக்கங்கள் மாறாததையும் பதிவு செய்தது. இணையவழித் துன்புறுத்தலைத் தடுக்கும் முயற்சிகளைப் பற்றி ஃபே மிஷ்னாவும் சகாக்களும் 2009இல் செய்த தொகுப்பாய்வும் ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தது.

சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை இதைவிடக் கூர்மையான சான்று வேறொரு துறையிலிருந்து கிடைக்கிறது. அமெரிக்க வீடுகளில் குழந்தை கையில் துப்பாக்கி சிக்கி நேரும் சாவுகளைத் தடுக்க வந்த பாடத்திட்டங்களை ரேமண்ட் மில்டன்பெர்கரின் குழு 2004இல் சோதித்தது. நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் 31 பேர். நில், தொடாதே, விலகிப் போ, பெரியவரிடம் சொல் என்ற அளவில்தான் விதிகள். ஒரு பிரிவுக்குப் பாடமாகவும், மற்றொரு பிரிவுக்கு நடித்துப் பழகும் பயிற்சியாகவும் கற்பித்தார்கள். இரண்டு பிரிவினரும் விதிகளைச் சொன்னார்கள். பயிற்சி பெற்றவர்கள் நடித்தும் காட்டினார்கள். பிறகு, சோதனை என்று தெரியாத நிலையில், குண்டு இல்லாத துப்பாக்கி கிடக்கும் இடத்தில் அவர்களை விட்டுப் பார்த்தபோது இரண்டு முறைகளுமே பலன் தரவில்லை. அடுத்தடுத்த ஆய்வுகளில் தெளிவாகப் பலன் தந்தது ஒரு முறை. குழந்தை தவறும் அந்தக் கணத்திலேயே, அந்த இடத்திலேயே, பயிற்சியாளர் உள்ளே வந்து உடனிருந்து பழக்குவது. முன்பின் தெரியாதவர் கூப்பிட்டால் போகக்கூடாது என்று பழக்குவதிலும் இதே முறைதான் பயன்பட்டது.

இணையப் பாதுகாப்புக்குச் சொல்லப்படும் விதிகள் இவற்றின் அச்சு அசல் பிரதிதான்: நிறுத்து, விலகு, சொல். ஆகவே விரிப்பின்மேல் தேனீயை ஓட்டும் விளையாட்டை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஆசிரியரின் படம் இருக்கும் கட்டத்துக்கு ரோபோவைக் கொண்டுபோன குழந்தை சரியான விடையைச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். வாயால் சொல்லவேண்டியதைச் சக்கரத்தால் சொல்லியிருக்கிறது. அதிலும் அதன் கவனத்தில் பெரும்பகுதி ‘இரண்டு அடி முன்னே, ஒரு திருப்பம் இடம்’ என்ற கணக்கில் போயிருக்கும். திசைப் பயிற்சி நன்றாகவே நடந்திருக்கிறது. பாதுகாப்புப் பாடம் படத்தோடு நின்றுவிட்டது.

பேசும் ரோபோவின் நட்பு

அப்படியானால் குழந்தையோடு பேசிப் பழகும் ரோபோ இதைச் சரிசெய்யுமா? அதன் ஆதரவாளர்களின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதல்ல. ரோபோவின் முன் கூச்சம் இல்லை, அது எத்தனை முறை கேட்டாலும் சலிக்காது, ஒரு துணைபோல் அருகில் நிற்கிறது என்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2022இல் எட்டு முதல் பதின்மூன்று வயதுள்ள 28 குழந்தைகளிடம் நாவோ என்ற 58 செ.மீ. உயர ரோபோ மனநலக் கேள்விகளைக் கேட்டது. பெற்றோரின் பதில்களிலும் குழந்தைகளே நிரப்பிய படிவங்களிலும் வெளிவராத சில துயரங்கள் ரோபோவிடம் வெளிவந்தன. வேறு வழியில் வாய் திறக்காத ஒரு குழந்தைக்கு இது பேருதவியாக இருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது.

கற்பித்தல் என்று வரும்போது படம் மாறுகிறது. நெதர்லாந்தில் ஐந்து வயதையொட்டிய 194 குழந்தைகளுக்கு ஆங்கிலச் சொற்களைக் கற்பித்த பெரிய ஆய்வு 2019இல் வெளியானது. நாவோவும் டேப்லெட்டும் சேர்ந்து கற்பித்தாலும், டேப்லெட் மட்டும் கற்பித்தாலும் குழந்தைகள் கற்ற அளவு ஒன்றுதான். ரோபோவின் கையசைவுகளும் கூடுதலாக எதையும் தரவில்லை. சொல் கற்பது வேறு, பாதுகாப்பு வேறு என்று வாதிடலாம். ஆனால் உடல் ஒன்று எதிரே நின்றாலே கற்றல் கூடிவிடும் என்ற நம்பிக்கையை இந்த ஆய்வு பலமாக ஆட்டிவிட்டது.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளிடம் கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய கேள்வியைக் கேட்டார்கள். தனியாக இருந்தபோது 87 விழுக்காடு சரியான விடை. பக்கத்தில் மூன்று நாவோ ரோபோக்கள் உட்கார்ந்து ஒருமித்துத் தப்பான விடை சொன்னபோது அது 75 விழுக்காடாக இறங்கியது. குழந்தைகளின் தவறான விடைகளில் 74 விழுக்காடு ரோபோக்கள் சொன்ன அதே விடை. பெரியவர்களை அந்த ரோபோக்களால் அசைக்க முடியவில்லை. 2011இல் சிண்டி பெத்தெலும் சகாக்களும் பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளிடம் ஒரு ரகசியத்தைச் சொல்லிக் காக்கச் சொன்னார்கள். ஒரு பெரியவரிடம் எவ்வளவு எளிதாக அதை வெளியிட்டார்களோ, ரோபோவிடமும் அவ்வளவு எளிதாக வெளியிட்டார்கள்.

இந்த இரண்டு முடிவுகளையும் பாடத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாதவர் இனிமையாகப் பேசினாலும் உன் விவரத்தைச் சொல்லாதே, திரை சொல்வதையெல்லாம் நம்பாதே, சந்தேகம் வந்தால் மனிதரிடம் போய்க் கேள் என்பது பாடம். அதைச் சொல்ல வருவதோ, யார் பேசவைக்கிறார் என்று குழந்தைக்குத் தெரியாத, இனிய குரலுள்ள, நம்பிவிடத் தோன்றும் ஓர் எந்திரம். குழந்தை அதற்குப் பணிந்தால்தான் பாடம் வெற்றி. பணிந்த அளவுக்கு, அடுத்து வரும் இனிய குரலுக்கும் பணிய அது பழகிக்கொள்கிறது. இந்த முரணை நல்ல உரையாடல் எழுதியோ நல்ல குரல் பதிந்தோ நீக்க முடியாது. அது அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

ரோபோவே ஓர் இணையக் கருவி

இணையத்தில் குழந்தைகள் சந்திக்கும் ஆபத்துகளை உள்ளடக்கம், தொடர்பு, நடத்தை என்று மூன்றாக வகுத்துவந்தது சோனியா லிவிங்ஸ்டன் முன்னின்று நடத்திய ‘ஈயு கிட்ஸ் ஆன்லைன்’ ஆய்வு மரபு. 2021இல் அவரும் மரியா ஸ்டோய்லோவாவும் அதில் நான்காவதாக ஒப்பந்தத்தைச் சேர்த்தார்கள். குழந்தை அறியாமலே நிறுவனங்களுடன் கட்டுண்டு, அதன் தரவும் கவனமும் வணிகச் சரக்காவது அது. பேசும் ரோபோக்களில் பல இந்த நான்காம் வகைக்குள் நேரடியாக வருகின்றன.

மை ஃப்ரெண்ட் கேயலா என்ற பேசும் பொம்மையை நார்வே நுகர்வோர் மன்றம் 2016 டிசம்பரில் அம்பலப்படுத்தியது. எந்தக் கடவுக்குறியும் கேட்காமல் அருகிலிருக்கும் எவருடைய கைபேசியோடும் அது புளூடூத் வழியாக இணைந்துகொண்டது. ஜெர்மனி 2017 பிப்ரவரியில் அதை மறைமுக ஒட்டுக்கேட்புக் கருவியாகக் கருதித் தடை செய்தது, வாங்கிய பெற்றோர் அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்றது. அதே மாதம் கிளவுட்பெட்ஸ் பொம்மைகளின் வழியே எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் பாதுகாப்பில்லாமல் கிடந்தது தெரியவந்தது. 2024இல் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள், பெயர் வெளியிடாத ஒரு கல்வி ரோபோவில் குழந்தையின் பெயர், வயது, இருப்பிடம் ஆகியவற்றை எடுக்கவும், பெற்றோர் அறியாமல் காணொளி அழைப்பில் குழந்தையோடு பேசவும் வழியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். கல்விக்கான ரோபோ என்ற பெயர் மட்டும் எந்தக் கதவையும் பூட்டுவதில்லை.

திருட்டோ கசிவோ இல்லாமலும் இழப்பு நேரலாம். ஐந்து முதல் பத்து வயதுக் குழந்தைகளுக்கு நண்பன் என்று 799 டாலருக்கு விற்கப்பட்ட மாக்ஸி ரோபோவின் நிறுவனம் 2024 டிசம்பரில் மூடப்போவதாக அறிவித்தது. பேச்சு முழுவதும் தொலைவிலுள்ள சர்வரிலிருந்து வந்ததால், சர்வர் நின்றால் நண்பனும் ஊமையாகிவிடுவான். இதைப் பிள்ளைகளுக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று பெற்றோர் தவித்தார்கள். ஒரு நிறுவனத்தின் நிதி நிலைமை ஐந்து வயதுக் குழந்தையின் நட்பை முறிக்க முடிகிறது என்றால், அந்த நட்பு யாருடைய கையில் இருந்தது?

சட்டம் மெல்லத்தான் வருகிறது. பிரிட்டனின் குழந்தைகளுக்கான வடிவமைப்பு நெறி 2021 செப்டம்பர் முதல் முழுமையாக நடப்பில் உள்ளது. அதன் 15 தரநிலைகளில் ஒன்று இணையத்தோடு இணைந்த பொம்மைகளுக்கும் கருவிகளுக்கும் உரியது. இந்தியாவின் 2023 எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது வரை குழந்தை என்று கொண்டு, பெற்றோரின் உறுதிசெய்யத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. பள்ளிக்கு இப்படியொரு கருவி வரும்போது தலைமை ஆசிரியர் விலையோடு சேர்த்துக் கேட்கவேண்டியது, அதன் மைக்ரோஃபோன் கேட்பது எங்கே போய்ச் சேருகிறது என்பது.

அழிப்புப் பொத்தான்

தேனீக்குத் திரும்புவோம். மழலையர் வகுப்பில் பீ-பாட் வைத்துப் பழகிய ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த காட்சி இது. ஒரு குழந்தை முன்னே, முன்னே என்று இரண்டு முறை அழுத்தி, நடுவிலிருக்கும் ‘போ’ பொத்தானைத் தட்டுகிறது. தேனீ 30 செ.மீ. போய் நிற்கிறது. அடுத்த குழந்தை தேனீயைக் கையில் எடுத்து, இடப்பக்கம் திரும்பு என்று ஒரு முறை அழுத்திப் ‘போ’ தட்டுகிறது. தேனீ திரும்புவதற்குப் பதிலாக முன்னே இரண்டடி ஓடிவிட்டு, அதன்பிறகு திரும்புகிறது. ‘நான் அப்படிச் சொல்லலையே மிஸ், இது கெட்டுப்போச்சு’ என்று புகார் வருகிறது. ஆசிரியர் பெருக்கல் குறி போட்ட அழிப்புப் பொத்தானைக் காட்டி, ‘முதல்ல இதை அழுத்தணும்’ என்று சொல்லி வேலையைத் தொடர்கிறார்.

அவசரமாக அப்படிக் கடந்து போகக்கூடாத இடம் இது. வகுப்பிலுள்ள வேறெந்தப் பொருளும் ஐந்து வயதுக் குழந்தைக்கு இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாத ஒன்றைத் தேனீ காட்டிவிட்டது. முன்னால் ஒருவர் அழுத்தியது எந்திரத்துக்குள் இருக்கிறது. பார்த்தால் தெரிவதில்லை. அழுத்தியவர் போய்விட்டாலும் அது போகவில்லை. புகார் வந்ததும் ஆசிரியர் கேட்கலாம்: அந்த இரண்டடியைச் சொன்னது யார்? எப்போது? அதைத் தேனீ எங்கே வைத்திருந்தது? பெர்ல்மன் தன் பெட்டியில் நினைவில் வைப்பதற்கும் மறப்பதற்கும் தனித்தனிப் பொத்தான் வைத்ததன் அருமை இங்கே விளங்குகிறது. எந்திரம் தானாக மறக்காது, மறக்கச் சொல்ல வேண்டும்.

இதில் ஓர் இடறலும் இருக்கிறது. அழிப்புப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் போய்விடும் என்று குழந்தை எடுத்துக்கொண்டால், இணையத்தைப் பற்றிய தவறான பாடம் மனதில் பதிந்துவிடும். அதற்கும் தரையிலேயே வழி உண்டு. தேனீக்குக் கொடுக்கும் கட்டளைகளை அம்புக்குறி அட்டைகளாக வரிசையில் அடுக்கும் வழக்கம் பல வகுப்புகளில் இருக்கிறது. முதல் குழந்தை அடுக்கிய அட்டைகளைப் பார்த்து இன்னொரு குழந்தை தனக்கு ஒரு வரிசை அடுக்கி வைத்துக்கொள்ளட்டும். பிறகு தேனீயின் நினைவை அழித்துவிடுங்கள். இரண்டாம் குழந்தை தன் அட்டைகளைப் பார்த்து அதே பாதையில் தேனீயை மறுபடி ஓட்டிவிடும். தேனீ மறந்தது, நகல் வைத்திருந்தவர் மறக்கவில்லை. பாட்டிக்கு அனுப்பிய படத்தை நாம் கைபேசியில் அழித்தால் பாட்டியின் கைபேசியில் அது இருக்குமா, இருக்காதா என்று அதன்பின் கேட்டால், குழந்தைகள் தாமாகவே யோசித்துப் பேசத் தொடங்குவார்கள்.

குரல் பதியும் தேனீ வகையும் சந்தையில் உண்டு. பொத்தான்களுக்குக் குழந்தைகளே தம் குரலைப் பதிந்து வைக்கலாம். ஒரு குழந்தை ‘நான்தான் தேனீ ராணி’ என்று பதிந்துவிட்டுப் போக, அந்தப் பக்கமாக வந்த குழந்தை பொத்தானை அழுத்திக் கேட்கிறது. பேசியது தேனீயா? தேனீ ராணி என்பது உண்மையா? சொன்னவர் இப்போது இங்கே இருக்கிறாரா? பேசும் எந்திரத்தின் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார், அவர் தன்னை யாரென்றும் சொல்லிக்கொள்ள முடியும் என்ற உண்மையை உபதேசத்தால் இவ்வளவு அருகில் கொண்டுவர முடியாது. பேசும் ரோபோ தன்னைப் பற்றி மறைத்துவைப்பதை, இந்த மக்கு ரோபோ அட்டையைப் புரட்டிப்போட்டதுபோல் காட்டிவிடுகிறது.

எதை அளப்பது

மேற்சொன்ன அனைத்தும் புரிதலைச் சார்ந்தவை. துப்பாக்கி ஆய்வு எழுப்பிய கேள்வி இன்னும் நிற்கிறது: வேளை வரும்போது குழந்தை எழுந்து போய்ச் சொல்லுமா? அந்த ஆய்வைப்போலக் குழந்தைகளை அறியாமல் சோதிப்பதை இணையத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது. வேடமிட்ட அந்நியர் ஒருவரை விளையாட்டுச் செயலிக்குள் அனுப்பி ஐந்து வயதுக் குழந்தையிடம் பேசவைப்பது அறமாகாது. குழந்தை பயந்துவிட்டால் அந்தப் பயத்துக்குப் பொறுப்பேற்க யாருமில்லை.

குரல் பதியும் தேனீ இங்கே நடுவழி ஒன்றைத் தருகிறது என்று கருதுகிறேன். பாடம் முடிந்து சில நாள்கள் கழித்து, வகுப்பிலிருப்பவர்களுக்குப் பரிச்சயமில்லாத ஒரு பெரியவரின் குரலில் ‘உன் வீடு எங்கே இருக்கு? யாருக்கும் சொல்லாம எனக்கு மட்டும் சொல்லு’ என்று ஒரு பொத்தானில் பதிந்து, தேனீயை விளையாட்டு மூலையில் வைத்துவிடலாம். ஆசிரியர் கண்ணில் படும் தூரத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பார். சில குழந்தைகள் முகவரியைச் சொல்லும். சில சிரித்துவிட்டு வேறு பொத்தானுக்குப் போகும். சில எழுந்து வரும். வராத குழந்தையின் பக்கத்தில் ஆசிரியர் அப்போதே போய் உட்கார்ந்து, ‘இதைக் கேட்டா என்ன செய்யணும்னு பேசினோம்?’ என்று கேட்டு, எழுந்து வந்து சொல்வதை அங்கேயே ஒரு முறை செய்யவைக்க வேண்டும். சோதனையே பயிற்சியாக மாறும் இடம் அது.

இதற்குச் சில கட்டுப்பாடுகள் தேவை. பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், மறுப்பவரின் குழந்தையை இதில் சேர்க்கக்கூடாது. குழந்தை சொன்ன பதில் எங்கும் பதிவாகக்கூடாது. ‘தேனீ கேட்டது நாங்கள் வைத்த குரல்’ என்பதை அன்று மாலைக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லிவிட வேண்டும். தேனீயிடம் சரியாக நடந்துகொண்ட குழந்தை டேப்லெட்டிடமும் அப்படி நடந்துகொள்ளும் என்று ஊகிக்கவும் கூடாது. சில வாரங்கள் கழித்து, வெளித் தொடர்பு துண்டிக்கப்பட்ட ஒரு டேப்லெட்டில் அதே கேள்வியை எழுப்பிப் பார்க்க வேண்டும். அங்கே எத்தனை குழந்தைகள் எழுந்து வந்தார்கள் என்ற கணக்குத்தான் இந்தப் பாடத்துக்கான மதிப்பெண். அந்தக் கணக்கை எடுத்த பிறகே, அடுத்த ஆண்டுக்கு எந்த ரோபோவை வாங்குவது என்று பள்ளி பேசலாம்.